முள் ஒன்று, அலைச்சல் மூன்று: நாய் தூண்டில் முள்ளை விழுங்கிய கதை

தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு மூன்று நாளில் மூன்று தடவை போய் வந்தாயிற்று. ஒரே நடையில் முடிந்திருக்க வேண்டிய வேலை. கணவாய்த் துண்டு கோத்து வாடியில் (மீன்பிடிக் கொட்டகையில்) வைத்திருந்த தூண்டில் முள்ளை நாய் அப்படியே விழுங்கிவிட்டது. கடைவாயில் ஒரு முழம் தங்கூசி, அதாவது தூண்டில் நைலான் நரம்பு மட்டும் தொங்கியது. கரையோரத்தில் நாய், பூனை வளர்க்கிற யார் வீட்டிலும் நடக்கக்கூடியது என்பதால், எங்கெங்கே சறுக்கியது என்று எழுதி வைக்கிறேன்.

தொங்குகிற நரம்பை இழுக்கவே கூடாது. முள்ளின் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நிற்கிற சின்னச் செதில் உணவுக்குழாயில் ஏறியிருக்கும். இழுத்தால் சதையோடுதான் வரும். ஒட்ட வெட்டவும் கூடாது. வெட்டினால் மிச்ச நரம்பு உள்ளே போய்விடும். முள் ஓரிடத்தில் மாட்டிக்கொள்ள, நரம்பு குடலுக்குள் நீண்டால், பாவாடை நாடாவை இழுத்த மாதிரி குடல் சுருங்கும். பிறகு நரம்பே குடலை உள்ளிருந்து அறுக்கும். நாங்கள் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், நரம்பைத் தளர்வாக விட்டு, பிளாஸ்டர் போட்டுக் கழுத்துப்பட்டையில் ஒட்டியதுதான். பூனை என்றால் நாக்குக்கு அடியிலும் பார்க்க வேண்டும். நூலோ நரம்போ அங்கேதான் சுற்றிக்கொண்டு நிற்கும். தெரிந்தாலும் கை வைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் எக்ஸ்ரே கிடையாது. சீட்டு எழுதிக் கொடுத்து ராமநாதபுரம் போகச் சொன்னார்கள். வழியில் மெடிக்கலில் நின்றபோது, "வலிக்குப் பாரசிட்டமால் பாதி உடைச்சுக் குடுங்கண்ணே" என்றார் கடைக்காரத் தம்பி. நல்லவேளை, வாங்கவில்லை. நாய்க்கே டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து அது. பூனைக்கு ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபென் இரண்டையும் நாய், பூனை பக்கமே கொண்டு போகாதீர்கள்.

முதல் நடை வீணானது எக்ஸ்ரேயால். எடுத்த இடத்தில் 'முழுங்கிருச்சு' என்றதும் வயிற்றை மட்டும், அதுவும் ஒரே பக்கமாகப் படுக்க வைத்து எடுத்தார்கள். படத்தில் ஒன்றுமில்லை. "வெளிய போயிருக்கும், கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். நரம்பு வாயில் தொங்கிக்கொண்டிருக்கும்போது முள் எப்படி வெளியே போகும்? அந்தக் கேள்வி பாம்பன் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. விழுங்கிய முள் பெரும்பாலும் மாட்டுவது மூன்று இடத்தில்: கழுத்து முடிந்து நெஞ்சு தொடங்குகிற இடம், இதயத்துக்கு மேலே, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்துக்குச் சற்று முன்னால். மூன்றும் வயிற்றுப் படத்தில் விழாமல் போகலாம். அதனால் கழுத்திலிருந்து இடுப்பு வரை, பக்கவாட்டில் ஒன்றும் மல்லாத்தி ஒன்றும் எடுக்கச் சொல்லிச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். முள்ளும் நரம்பில் கட்டிய ஈயக்குண்டும் பளிச்சென்று தெரியும். தங்கூசி எக்ஸ்ரேயில் தெரியாது. படத்தில் நரம்பு இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதே பெட்டியிலிருந்து இன்னொரு முள்ளையும் கையில் கொண்டு போங்கள். அளவும் வளைவும் டாக்டருக்கு உடனே புரியும்.

ராத்திரி முழுக்க எச்சில் ஒழுகியது. குடித்த தண்ணீர் அப்படியே திரும்பி வந்தது. விடிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா பாசத்தில் இரண்டு சோற்று உருண்டை ஊட்டிவிட்டார்கள். மீன்முள் தொண்டையில் சிக்கினால் நாம் செய்கிற வைத்தியம்தானே! தூண்டில் முள்ளுக்கு அது ஆகாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் ஆகாது. வருகிற வழியெல்லாம் முள் கிழித்துக்கொண்டு வரும்.

இரண்டாம் நடையில் முழுப்படம் எடுத்ததும் நெஞ்சு தொடங்குகிற இடத்தில் முள் குறுக்காக நின்றது. ஆனால் "சோறு வச்சீங்களா?" என்ற கேள்விக்குத் தலையைக் குனிய வேண்டியதாயிற்று. மயக்க மருந்துக்கு வளர்ந்த நாய் 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். வலிக்கு ஊசி போட்டு, மறுநாள் காலை 8 மணிக்கு வரச் சொன்னார்கள்.

அன்றைக்கு அதற்கும் முன்னால் ஒரு தடங்கல், ஊசி அட்டை. "ரேபிஸ் ஊசி போட்ட அட்டை எங்க?" என்றார் உதவியாளர். வீட்டு பீரோவில் இருந்தது. அது வரும்வரை வாயைத் திறந்து பார்க்கவே மறுத்துவிட்டார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் அவர்கள் செய்தது சரி. வாய் பிளந்து, எச்சில் ஒழுகி, தொண்டையில் ஏதோ சிக்கிய மாதிரி நிற்பது வெறிநோயின் ஒரு முகமும்கூட. எலும்பு மாட்டியிருக்கும் என்று கையை விட்டு ஆபத்தை வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. ஊசி போடாத நாயின் எச்சில் காயத்தில் பட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டிலிருந்து வாட்ஸப்பில் அட்டையின் படம் வந்தது, கடைசியாகப் போட்ட ஊசியின் தேதியைப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். இப்போது அந்தப் படம் மூன்று பேர் போனில் இருக்கிறது.

மூன்றாம் நடையில் அரை மணி நேர வேலை. நாய் மயங்கியதும், வெட்டாமல் விட்ட அந்த நரம்பை ஒரு நீளக் குழாய்க்குள் கோத்தார் டாக்டர். நரம்பை இழுத்துப் பிடித்தபடியே குழாயை முள் வரை இறக்கி, மெல்லக் கீழே ஒரு தள்ளு. குத்தியிருந்த நுனி கழன்று குழாயோடு சேர்ந்தது. அப்படியே மேலே வந்து டிரேயில் 'டங்' என்று விழுந்தது; செதிலில் வெளிறிய கணவாய்த் தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஈயக்குண்டும் கூடவே வந்தது. அது வயிற்றில் தங்கினால் அமிலத்தில் கரைந்து ஈய விஷம் ஏறும். நரம்பை வெட்டியிருந்தால் இந்த வழியே இல்லை. எண்டோஸ்கோப்பி தேடி திருநெல்வேலி ராமையன்பட்டியிலோ ஒரத்தநாட்டிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓட வேண்டியிருக்கும், இல்லையென்றால் ஆபரேஷன்.

ஒரு வாரம் குழைந்த கஞ்சியும் முள் எடுத்து மசித்த மீனும்தான். புண்ணாற்ற எழுதிக் கொடுத்த சுக்ரால்ஃபேட் டானிக்கைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும், சாப்பாட்டோடு கலந்தால் சரியாக வேலை செய்யாது. காய்ச்சல், மேல்மூச்சு, சாப்பிட்டது திரும்பி வருவது, கழுத்து வீங்கி விரலால் அமுக்கினால் தோலுக்கடியில் நறநறவென்று காற்று நகர்வது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உணவுக்குழாய் ஓட்டையாகியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் வண்டியைக் கூப்பிடுங்கள். இந்தத் தடவை அட்டையை மறக்க வேண்டாம்.