புகையிலைச் சாம்பல்: அடியிலை ஒருவழியாகச் சுத்தமாக வந்தது

புகையிலைச் செடியின் பாகங்களைத் தனித்தனியாக எரித்து, சாம்பலில் என்னென்ன தாதுக்கள் இருக்கின்றன என்று பார்த்துவருகிறேன். செடியின் அடியில் உள்ள மூத்த இலையின் சாம்பலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் நுரைத்துப் பொங்கி, கிட்டத்தட்ட முழுக்கக் கரைந்துவிட்டது. மணல் அமிலத்தில் கரையாது; வடிதாளில் மணல் என்று சொல்லச் சில துகள்கள்தான். சாம்பல் எடையில் பாதி மண்ணோ என்ற சந்தேகம் இனி இல்லை.

இத்தனை நாள் படுத்தியது கழுவும் வேலைதான். புகையிலையின் சுரப்பி மயிர்கள் விடும் பிசினில், மழையில் தெறிக்கும் மண் அப்படியே பிடித்துக்கொள்கிறது. அழுத்தித் தேய்த்தால் இலை கிழியும். ஊறவைத்தால் பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடும்; அது செல்லுக்குள் கரைந்த அயனியாகவே இருக்கிறது. காய்ந்த இலையில் இழப்பு இன்னும் அதிகம். அதனால் பறித்த கையோடு, காம்பின் வெட்டுவாய் நனையாமல் தூக்கிப் பிடித்து, சோப்பு ஒரு சொட்டு கலந்த நீரில் மெல்லிய பிரஷால் நரம்போரமாக ஒரே இழுப்பு, உடனே காய்ச்சி வடித்த நீரில் ஒரு முக்கு. அவ்வளவுதான். கையுறை கட்டாயம், ஈர இலையின் நிகோடின் தோல் வழியாகவே ஏறும்.

பலன் அருமை! நடுநரம்பின் சாம்பல் பெரும்பகுதி வெந்நீரிலேயே கரைந்தது: பொட்டாசியம் கார்பனேட்டும் குளோரைடும். நரம்பு நீக்கிய அடியிலையின் சாம்பலோ வெள்ளையாக அடியில் தங்கியது. அது கால்சியம் கார்பனேட். நுனியிலையில் அந்த வண்டல் குறைவு. கால்சியம் நீரோட்டத்தோடு இலைக்கு ஏறும், ஃபுளோயம் (இலையிலிருந்து உணவைக் கடத்தும் திசு) வழியே திரும்புவது அரிது. கால்சியம் ஆக்சலேட் என்ற கரையாத உப்பின் படிகமாக அங்கேயே தங்கிவிடும். மூத்த இலையில் கூடுதலாகச் சேர்வது அதனால்தான். பொட்டாசியமும் மெக்னீசியமும் இளம் இலைக்கு இடம் மாறுபவை. மெக்னீசியம் தட்டினால் அடியிலை முதலில் வெளிறுவதும் இதனால்தான்.

குரூசிபிளில் (இலையை எரிக்கும் சிறு பீங்கான் கிண்ணம்) எண் போட ஃபெரிக் குளோரைடு கரைசல் போதும், சுட்டதும் செம்பழுப்பாக நிற்கும். மூடி பொருந்துகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்; எனக்கு வந்தவற்றில் பல ஆடுகின்றன. உலை 500 டிகிரியில் நிற்கட்டும், ரொம்ப ஏற்றினால் நடுநரம்புச் சாம்பல் உருகிப் பீங்கானில் ஒட்டிக்கொள்ளும்.

தண்டும் வேரும் இன்னும் எரிக்கவில்லை. அதற்குள் அடுத்த நடவில் பாதிச் செடிகளுக்கு நுனி கிள்ளி, மீதியைப் பூக்கவிட்டு, மேலிலைகளின் பொட்டாசியத்தை ஒப்பிட நாற்று விட்டாயிற்று. வேரில் ஒட்டிய மண்ணுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை, யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.