நினிவேக்கு இன்னும் நாற்பது நாள்

மார்ச் 2

"இன்னும் நாற்பது நாளில் நினிவே கவிழ்க்கப்பட்டுப்போம்" (யோனா 3:4). நினிவே நகரத்தாருக்கு யோனா தீர்க்கதரிசி செய்த பிரசங்கம், எபிரேயத்தில் மொத்தமே 5 சொல். "மனந்திரும்பினால்" என்ற நிபந்தனை அதில் இல்லை. தேவன் மனமிரங்குவாரோ என்பதற்கு நினிவேயின் ராஜாவும் "யாருக்குத் தெரியும்" என்றுதான் சொல்கிறான்.

மார்ச் 3

ஐந்தில் கடைசிச் சொல், நெஹ்பாகெத். நம் வேதாகமத்தில் "கவிழ்க்கப்பட்டுப்போம்". சோதோம் கவிழ்ந்ததும் (ஆதி. 19:25) இதே வினையால்தான். சவுல் வேறு மனுஷனாவான் என்ற இடத்திலும் (1 சாமு. 10:6) இதுவே வருகிறது. ஓசியா 11:8-இல் தேவனுடைய இருதயம் புரள்வதும் இதே வினை. அழிவுக்கும் மாற்றத்துக்கும் ஒரே சொல்லா! அப்படியானால் நகரம் அழியாமல் மனந்திரும்பியபோதும் யோனா சொன்னது பொய்க்கவில்லை.

மார்ச் 4

இன்று யோனா 4:11 மட்டும். நினிவேயில் லட்சத்து இருபதினாயிரம் பேர். மிருகஜீவன்களும்.

மார்ச் 6

4:2-ஐ விட்டு நகர முடியவில்லை. நினிவே தப்பியதால் யோனா கோபத்தில் ஒப்பிப்பது, தேவன் தம்மைப் பற்றியே சொன்ன யாத்திராகமம் 34:6-7. ஆனால் முழுதாக அல்ல. அங்கே கிருபைக்கு அடுத்து "சத்தியம்", எமெத். அந்த இடத்தில் இவன் "தீங்குக்கு மனஸ்தாபப்படுகிறவர்" என்கிறான். குற்றவாளியைச் சும்மா விடமாட்டார் என்ற பகுதியையும் சொல்வதில்லை. யோவேல் 2:13-லும் இதே வடிவம்தான். ஆக இது யோனாவின் சொந்த வெட்டு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இவன் அமித்தாயின் குமாரன். அப்பன் பெயரிலேயே எமெத் இருக்கிறது. சத்தியத்தின் மகன் சத்தியத்தை விட்டுவிட்டு ஜெபிக்கிறான். இரக்கம் நியாயத்தை விழுங்கிவிட்டது என்பதுதான் அவனுடைய புகார் என்று எனக்குப் படுகிறது. அந்தப் புகாரை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. நினிவேயைத் தலைநகராகக் கொண்ட அசீரியாவிடம் அடிபட்டவர்கள் படித்த புத்தகம் இது.

மார்ச் 7

3:10. தேவன் பார்த்தது கிரியைகளை. இரட்டுத்துணியோ உபவாசமோ அந்த வசனத்தில் இல்லை. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் இதைச் சுட்டுகிறது. 3:8-ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும்: கைகளிலுள்ள கொடுமையை விடும்படி ராஜா கட்டளையிட்டான்.

அவர்கள் விட்ட பொல்லாப்பு, அவர் செய்யாமல் விட்ட தீங்கு, 4:1-இல் யோனாவின் விசனம், மூன்றும் எபிரேயத்தில் ராஆ என்ற ஒரே சொல். தமிழில் மூன்றாகப் பிரிந்து கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

மார்ச் 9

யோனாவுக்கு நிழல் தந்த செடி (4:6) ஆமணக்கா, சுரையா? வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம், சுரையை ஐவிக்கொடி என்று மாற்றியதற்கு வட ஆப்பிரிக்காவில் ஒரு சபையே கொந்தளித்தது. அங்கே பிஷப்பாக இருந்த அகஸ்டின் அவருக்குக் கடிதம் எழுதினார். செடியைப் பிடித்துக்கொண்டார்கள். தேவன் கேட்ட கேள்வி நகரத்தைப் பற்றியது.

மார்ச் 10

மறுபடி 4:2.

மார்ச் 11

4:2-இல் யோனா சொல்லாமல் விட்ட பகுதி, நினிவேக்கு எதிரான இன்னொரு தீர்க்கதரிசன நூலான நாகூம் 1:3-இல் இருக்கிறது! நீடிய சாந்தமுள்ளவர், ஆனால் தப்பவிடமாட்டார். "மிகுந்த கிருபை" வர வேண்டிய இடத்தில் "மிகுந்த வல்லமை". அதே நினிவேக்கு. கி.மு. 612-இல் நகரம் விழுந்தது. இரண்டு புத்தகமும் கேள்வியில்தான் முடிகின்றன. யோனாவில், நான் பரிதபியாமலிருப்பேனோ? நாகூமில், உன் பொல்லாப்பு யார்மேல்தான் பாயவில்லை?

நாளை இரண்டையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும், யோனா முதலில்