1,200 டாலருக்குள் தூரத்து வேட்டைக்கு ஒரு ரைஃபிள்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், இந்தக் கேள்வி வந்துவிடும். "வயோமிங்ல ப்ராங்ஹார்ன் வேட்டைக்குப் போகலாம்னு இருக்கேன், தூரத்துலேர்ந்து சுடற மாதிரி ஒரு போல்ட் ஆக்‌ஷன் சொல்லு, ரொம்பச் செலவு பண்ண முடியாது." (ப்ராங்ஹார்ன் என்பது அமெரிக்க மேற்கில் திரியும் மான் போன்ற மிருகம். போல்ட் ஆக்‌ஷன் என்றால் ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் ரைஃபிள்.) கொலராடோவில் இருந்துகொண்டு வேட்டைக்குப் போகிற தமிழன் என்று பெயர் வாங்கிவிட்டால் இதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் தட்டி அலுத்துவிட்டது, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் கவனிக்க: அங்கே 1972 வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டை முடிந்த கதை. இது முழுக்க அமெரிக்க மேற்குப் பகுதியின் சமாச்சாரம்.

முதலில் பணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். கையில் 1,200 டாலர் இருந்தால் ஏறக்குறைய பாதிதான் துப்பாக்கிக்கு. மீதி குறி பார்க்கும் ஸ்கோப்புக்கும், அதைப் பிடித்து நிற்கும் வளையங்களுக்கும், முக்கியமாகப் பழகச் சுடும் தோட்டாவுக்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆயிரம் டாலருக்கு ரைஃபிள், மேலே 90 டாலர் ஸ்கோப், இரண்டே பெட்டி தோட்டா, நேராகக் காட்டுக்கு. அந்த ரைஃபிளால் என்ன முடியும் என்பது அவர்களுக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

ஏன் பாதி போதும் என்றால், மலிவு விலை ரைஃபிள்கள் இப்போது அவ்வளவு நன்றாக வந்துவிட்டன. சாவேஜ் ஆக்ஸிஸ் 2010 வாக்கில் வந்தது, ரூகர் அமெரிக்கன் 2012 வாக்கில், மாஸ்பெர்க் பேட்ரியட் 2015-ல். அழகுக்காக யாரும் இவற்றை வாங்குவதில்லை. ஸ்டாக், அதாவது பேரலைத் தாங்கித் தோளில் முட்டும் உடல், பிளாஸ்டிக், பளபளப்பு கிடையாது, சிலவற்றில் போல்ட்டை இழுத்தால் மணல் உரசுவது போல ஒரு கரகரப்பு. ஆனால் பேரல், அதாவது குழல், நல்ல பேரல். பொருத்தமான தோட்டா கிடைத்துவிட்டால் 100 யார்டில் (ஒரு யார்டு மூன்றடி) ஒன்று, ஒன்றரை அங்குலத்துக்குள் குண்டுகளைச் சேர்த்து வைக்கும்.

இந்த ஒன்றரை அங்குலக் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். 300 யார்டில் அது நாலரை அங்குலம். ப்ராங்ஹார்னின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் 8 அங்குல வட்டம், மியூல் டியர் என்ற மானுக்கு இன்னும் கொஞ்சம் பெரிது. அதாவது 300 யார்டு வரை மலிவு ரைஃபிளே தாராளம். மூன்று குண்டு சுட்டு, அரை அங்குலத்தில் விழுந்தது என்று அட்டையைப் படமெடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அதே ரைஃபிளில் பத்துக் குண்டு சுடச் சொல்லுங்கள், உண்மையான அளவு அப்போது தெரியும்.

சரி, எந்த ரைஃபிள்? என் முதல் தேர்வு ரூகர் அமெரிக்கன். 500, 600 டாலருக்குள் கிடைக்கிறது. போல்ட்டைப் பூட்டும் முனைகள், அதாவது லக், இதில் மூன்று, அதனால் கைப்பிடியை 70 டிகிரி தூக்கினால் போதும். வழக்கமான இரண்டு லக் போல்ட்டை 90 டிகிரி தூக்க வேண்டும். மேலே பெரிய ஸ்கோப்பை மாட்டிக்கொண்டு, குளிரில் கையுறையோடு அவசரமாக அடுத்த தோட்டாவை ஏற்றும்போதுதான் இந்த 20 டிகிரியின் அருமை தெரியும். ட்ரிகரின் கனத்தை நீங்களே குறைத்துக்கொள்ளலாம். குறை என்று பார்த்தால் ஸ்டாக்தான், குறிப்பாகப் பழைய மாடலில். முன்பகுதி மெலிதான பிளாஸ்டிக். பைபாட் (இரண்டு கால் தாங்கி) மாட்டி அழுத்திப் படுத்தால் வளைந்து பேரலைத் தொடும், தொட்டால் குண்டு வேறு இடத்துக்குப் போகும். பைபாடுக்குப் பதில் பையை முட்டுக்கொடுத்துச் சுட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ஒரு காகிதத்தை நுழைத்து இழுத்துப் பாருங்கள், சிக்காமல் வர வேண்டும். எந்த ரைஃபிளை வாங்கினாலும் கடையிலேயே இதைச் செய்துவிடலாம், விற்பனையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அதைவிடக் குறைந்த விலைக்கு வேண்டுமென்றால் ஆக்ஸிஸ், ஆனால் அக்யூட்ரிகர் என்ற ட்ரிகர் இருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், வெறும் ஆக்ஸிஸின் ட்ரிகர் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். இன்னும் கொஞ்சம் பணம் புரட்ட முடிந்தால் பின்லாந்தில் செய்யும் டிக்கா டி3எக்ஸ் லைட். எண்ணெயில் வழுக்குவது போல ஓடும் போல்ட், நல்ல ட்ரிகர், நூறு மீட்டரில் மூன்று குண்டு ஒரு எம்ஓஏக்குள் (100 யார்டில் சுமார் ஒரு அங்குலம்) விழும் என்று கம்பெனியே உத்தரவாதம் தருகிறது. வாழ்நாளுக்கு ஒரே ஒரு ரைஃபிள்தான் என்று முடிவெடுத்தவர்களுக்கு நான் டிக்காவைத்தான் சொல்வேன், ஸ்கோப்பை ஒரு வருடம் தள்ளிப் போட்டாவது. ஜப்பானில் செய்யும் ஹோவா 1500-ம் நல்லதுதான், எடை மட்டும் கொஞ்சம் கூட. வெதர்பி வேன்கார்டும் அதே தொழிற்சாலையில் பிறந்த துப்பாக்கிதான், அண்ணன் தம்பி என்றே வைத்துக்கொள்ளலாம்.

தோட்டா வகையில் இணையம் முழுக்கச் சண்டை, நான் நீட்டப்போவதில்லை. முதல் ரைஃபிளுக்கு 6.5 க்ரீட்மோர். 2007-ல் ஹார்னடி கொண்டுவந்தது, இலக்குப் போட்டிக்காக. நீளமான, காற்றை நன்றாகக் கிழித்துக்கொண்டு போகும் குண்டுக்கு ஏற்ற மாதிரி குண்டைச் சுழலவைக்கும் பேரலின் உள் முறுக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். 1925-ல் வந்த .270 வின்செஸ்டரும் அருமையான வேட்டைத் தோட்டாதான், ஆனால் அதன் வழக்கமான 10 அங்குல முறுக்கு இன்றைய நீளக் குண்டுகள் பலவற்றுக்குப் போதாது. க்ரீட்மோரின் உதை தோளுக்குச் சாந்தமாக இருக்கும், அதனால் ட்ரிகரை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் ஒட்டாது. கொலராடோ சட்டப்படி மானுக்கும் எல்க் என்ற பெரிய மானுக்கும் 100 யார்டில் குறைந்தது 1,000 அடி பவுண்டு ஆற்றல் வேண்டும், அதை இது சுலபமாகத் தாண்டும். .308 என்ற இன்னொரு வகைக்குப் பழகும் தோட்டா கொஞ்சம் மலிவு, சின்ன ஊர்க் கடைகளிலும் கிடைக்கும், அதையும் தாராளமாக எடுக்கலாம். மேக்னம் என்ற அதிக மருந்துள்ள தோட்டாக்கள் பக்கம் மட்டும் இப்போதைக்குப் போக வேண்டாம். விலையும் அதிகம், உதையும் அதிகம், பழகுவது அந்த அளவுக்குக் குறையும்.

ஸ்கோப்பில் உருப்பெருக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். 24 மடங்கு என்று போட்டு 150 டாலருக்கு விற்பதை விட்டு ஓடுங்கள். 300 யார்டுக்கு 9 மடங்கு போதும். பார்க்க வேண்டியது குறியை மேலே கீழே நகர்த்தும் டயல் ஒழுங்காக நகர்கிறதா என்பதுதான். க்ரீட்மோரில் 143 க்ரெய்ன் எடையுள்ள குண்டு நொடிக்கு 2,700 அடி வேகத்தில் கிளம்பி, 100 யார்டுக்கு ஜீரோ செய்திருந்தால் (அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்திருந்தால்), 500 யார்டில் சுமார் நாலரை அடி இறங்கிவிடும். அதைச் சரிக்கட்ட டயலை, க்ளிக்குக்குக் கால் எம்ஓஏ என்ற கணக்கில், 40 க்ளிக்குக்கு மேல் திருப்ப வேண்டும். திருப்பிய பிறகு மறுபடி ஜீரோவுக்குக் கொண்டுவந்தால் குண்டு பழைய இடத்திலேயே விழ வேண்டும். மலிவு ஸ்கோப்புகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வாங்கிய வாரமே அட்டையில் சுட்டு மேலே, கீழே, மறுபடி ஜீரோ என்று சோதித்துவிடுங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள். வோர்டெக்ஸ், லூபோல்ட் இரண்டிலும் 300 முதல் 500 டாலருக்குள் நல்லது கிடைக்கிறது, இரண்டு கம்பெனியும் வாழ்நாள் உத்தரவாதம் தருகின்றன.

இன்னொன்று, பெட்டியில் அச்சிட்டிருக்கும் இறக்கக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். இங்கே 7,000, 8,000 அடி உயரத்தில் காற்று மெலிது, குண்டு அவ்வளவு இறங்காது. போனில் குண்டின் பாதையைக் கணக்கிடும் ஒரு பாலிஸ்டிக் ஆப் போட்டு உயரத்தையும் வெப்பத்தையும் கொடுத்துவிட்டு, அது சொல்வதை உண்மையான தூரத்தில் சுட்டுப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும். நான் கொலராடோவின் பானி புல்வெளிப் பக்கம் போவேன். சுட அனுமதித்த இடத்தில் மட்டும், காலையில், காற்று எழும்புவதற்கு முன்.

அந்தக் காற்றுதான் உண்மையான எல்லை. வயோமிங்கில் மணிக்கு 10 மைல் காற்று என்றால் அமைதியான நாள் என்று சொல்வார்கள். அந்த 10 மைல் குறுக்குக் காற்று 300 யார்டில் குண்டை 4, 5 அங்குலம் தள்ளும், 500 யார்டில் ஏறக்குறைய ஓரடி. இறக்கத்தைத் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரும் ஆப்பும் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும், காற்றை நீங்கள்தான் புல்லின் ஆட்டத்தைப் பார்த்துக் கணிக்க வேண்டும், அதுவும் உங்களுக்கும் மானுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் அது வேறு திசையில் அடித்துக்கொண்டிருக்கலாம். போதாததற்கு 500 யார்டைக் கடக்கக் குண்டுக்கு அரை நொடிக்கு மேல் ஆகும், அதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்தால் நெஞ்சுக்குப் போக வேண்டிய குண்டு வயிற்றில் போகும். வயிற்றில் அடிபட்ட மிருகம் மணிக்கணக்கில் துடிக்கும், பல நேரம் கிடைக்காமலே போய்விடும். யூட்யூபில் 900 யார்டில் எல்க்கைச் சுடுகிறவர்கள் தவறவிட்டதைப் போட்டுக் காட்டுவதில்லை. என் கணக்கு எளிது: மேசையில் சாய்ந்து அல்ல, தரையில் உட்கார்ந்து, முதுகுப்பையை முட்டுக்கொடுத்து, மூச்சு வாங்கும்போதும் 8 அங்குலத் தட்டில் எத்தனை முறை சுட்டாலும் படுகிற தூரம் எதுவோ, அதுதான் என் தூரம். புதிதாகத் தொடங்குகிற பெரும்பாலானவர்களுக்கு அது 250 யார்டைத் தாண்டாது. தாண்டும் என்று நினைப்பவர்கள் ஒரு பெட்டியைச் சுட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். மிச்சத் தூரத்தை நடந்து குறைக்கலாம். ப்ராங்ஹார்னுக்குக் கண் கூர்மை, ஆனால் தரையோடு தவழ்ந்தால் முடியும். முழங்காலுக்குப் பட்டை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், அந்த நிலமெல்லாம் முள்ளுக் கள்ளி.

விசாவில் இருப்பவர்கள் கேட்பது: எச்1பியில் துப்பாக்கி வாங்கலாமா? கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது, ஆனால் ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போச்சு, அதை மறக்காதீர்கள். விஷயம் தெரியாமல் விற்கத் தயங்கும் கடைகளும் உண்டு, வேறு கடை பார்க்க வேண்டியதுதான். க்ரீன் கார்டு இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. கொலராடோவில் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், கடை பின்னணிச் சோதனையைத் தொடங்கியபின் குறைந்தது மூன்று நாள் காத்திருக்க வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 6.5 சதவீதம் தனி வரி வேறு, பட்ஜெட் போடும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு, அதாவது இதைப் படிக்கும் எல்லோருக்கும், ஹன்டர் எஜுகேஷன் சான்றிதழ் இல்லாமல் கொலராடோவில் பொதுவாக உரிமம் கிடையாது. முதலில் அந்த வகுப்பை முடியுங்கள். அப்புறம் ஏப்ரல் தொடக்கத்தில் மான், எல்க் உரிமக் குலுக்கலுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி வரும். ரைஃபிளைக் கோடையில்கூட வாங்கிக்கொள்ளலாம், விண்ணப்பத்தை விட்டால் அந்தக் குலுக்கலுக்கு அடுத்த வருடம்தான்.