முந்திரி இல்லாத முந்திரிக்கொத்து

தீபாவளிக்கு இன்னும் நாலு நாள். பாளையங்கோட்டை வீட்டில் நேற்று முந்திரிக்கொத்து போட்டோம். வெளியூர்க்காரர்கள் உள்ளே முந்திரிப்பருப்பைத் தேடுவார்கள், ஒன்றுகூட இருக்காது. மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டு கொடிமுந்திரிக் குலை, அதாவது திராட்சைக் குலை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் என்பாள் ஆச்சி.

1 கிலோ பாசிப்பயறை வாசம் வரும்வரை வறுத்துத் திரித்து, வறுத்த தேங்காய்த்துருவல், எள், ஏலக்காய், சுக்கு சேர்த்தோம். கருப்பட்டி உடன்குடியிலிருந்து வந்தது, முக்கால் கிலோ. கரைத்து வடிகட்டாவிட்டால் பல்லில் மண் நறநறக்கும். பாகை ஊற்றி, சூடு ஆறுவதற்குள் உருட்டிவிட வேண்டும். ஆறினால் உதிரும். உள்ளங்கை சிவந்துபோனது, சரி, அதுகூடப் பரவாயில்லை.

உருண்டைகளை முக்கிப் பொரிக்கும் மேல்மாவுக்குப் பச்சரிசி மாவை நான்தான் கரைத்தேன். தண்ணீர் கூடிவிட்டது. முதல் ஈடு எண்ணெயில் விழுந்ததுமே பிரிந்து, சட்டி முழுக்கக் கறுப்பு.

"ஏட்டி, தோசைக்கா கரைச்சிருக்க?" என்றாள் ஆச்சி.

அப்புறம் எண்ணெயை வடிகட்டி, மாவைக் கெட்டியாக்கி, ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டபிறகு பொன்னிறமாக வந்தது.

அதிரச மாவு இன்னும் பானையில் ஊறுகிறது. அது நாளைக்கு. முந்திரிக்கொத்து பத்து நாள் தாங்குமாம். எங்கள் வீட்டில் இப்போதே டப்பா பாதி காலி.