டை மாற்ற 95 நிமிடம்: லீன் சொற்கள் எனக்குப் புரிந்த விதம்

எங்களுடையது கோவை கணபதியில் ஒரு சின்ன பிரஸ் ஷாப். பிரஸ் மெஷினில் டை என்கிற அச்சை மாட்டி, பம்ப் மோட்டாருக்கான தகட்டுப் பாகங்களை அடித்துக் கொடுக்கிறோம். போன வருடம் எங்களிடம் வாங்கும் கம்பெனி, மூன்று மாதத்தில் லீன் முறைக்கு, அதாவது வீண் வேலையையும் காத்திருப்பையும் களையும் உற்பத்தி முறைக்கு, மாறிக் காட்டச் சொன்னது. பொறுப்பு என்னிடம் வந்தது, கூடவே இரண்டு பக்கச் சொற்பட்டியலும். கைசன், கான்பான், முடா, கெம்பா, டாக்ட் டைம் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன்.

முதல் ஆய்விலேயே தடுமாறினேன். டாக்ட் டைம் என்னவென்று கேட்டார்கள். பிரஸ் ஒரு பீஸ் அடிக்க 6 விநாடி, அதைச் சொன்னேன். அது சைக்கிள் டைம். டாக்ட் ஒரு ஜெர்மன் சொல், இசையில் தாளக்கட்டைக் குறிப்பது. வாங்குபவர் எந்தத் தாளத்தில் கேட்கிறார் என்பதுதான் டாக்ட். ஷிப்ட் 480 நிமிடம், சாப்பாட்டுக்கும் டீக்கும் 50 போனால் 430, அதாவது 25,800 விநாடி. அந்தப் பாகத்தின் ஒரு நாள் தேவை 1,290. வகுத்தால் 20 விநாடி.

20 விநாடிக்கு ஒன்று போதும், நாங்கள் 6 விநாடிக்கு ஒன்று அடிக்கிறோம். அப்புறம் ஏன் சரக்கு எப்போதும் தாமதம்? தகடு உள்ளே வந்து பாகமாக வெளியே போவது வரையிலான லீட் டைமைக் கணக்கிட்டேன். 9 நாள்! அதில் பிரஸ்ஸில் இருந்தது சில மணி நேரம், மீதி முழுக்கக் காத்திருப்பு. ஒரு டையைக் கழற்றி இன்னொன்றை மாட்ட 95 நிமிடம் ஆனதால், மாட்டியதும் மூன்று நாளுக்கு வேண்டியதை அடித்துக் குவித்துவிடுவோம். மற்ற பாகங்கள் வரிசையில் நிற்கும். டொயோட்டாவின் டாய்ச்சி ஓனோ சொன்ன ஏழு வீண்களில், தேவைக்கு மேல் செய்வதையே அவர் மிக மோசமானதாகக் கருதினார். ஏன் என்று அன்றுதான் புரிந்தது.

சரி, டை மாற்றும் நேரத்தைக் குறைப்போம் என்று முடிவெடுத்தோம். அதற்கான முறைக்கு எஸ்எம்இடி (சிங்கிள் மினிட் எக்ஸ்சேஞ்ச் ஆஃப் டை) என்று பெயர். அதில் வரும் 'சிங்கிள் மினிட்' என்பதை ஒரு நிமிடம் என்றே நினைத்திருந்தேன். ஒற்றை இலக்க நிமிடம், அதாவது 10-க்குள் என்பதே பொருள். இந்த முறையை உருவாக்கிய ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1969-இல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ்ஸுக்கு நான்கு மணி நேரம் ஆனதை 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்.

கெம்பா என்றால் வேலை நடக்கும் இடம். அங்கேயே நின்று முழு மாற்றத்தையும் போனில் படம் பிடித்தேன். 95 நிமிடத்தில் 41 நிமிடம், டை மாட்டும் எங்கள் செட்டர் பிரஸ் பக்கத்திலேயே இல்லை. ஸ்பேனர், போல்ட், ஷிம் என்று தேடி நடந்துகொண்டிருந்தார். வீடியோவைப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இத்தனை தூரமா நடக்கறேன் நானு?" என்றார். அதுவரை அவரை மெதுவான ஆள் என்றே எண்ணியிருந்தேன். அன்று மனசு கஷ்டமாகிவிட்டது.

மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை, ஓடும்போதே முடித்துவைக்கக்கூடிய வேலை என்று இரண்டாகப் பிரித்தோம். அடுத்த டையும் அதற்கான சாமான்களும் முன்கூட்டியே தள்ளுவண்டியில் வந்து நிற்கும். செலவே இல்லாமல் 54 நிமிடமானது.

அடுத்த கட்டத்தில் நான் செய்த தப்பு திட்டமிடலில். 14 டைகளுக்கும் கிளாம்ப் பிடிக்கும் உயரத்தை ஒன்றாக்க வேண்டும். எந்த வேலை எந்த நாளில் என்று காட்டும் கான்ட் சார்ட்டில் அதையும் தரையில் மஞ்சள் கோடு அடிப்பதையும் ஒரே மாதிரிக் கட்டங்களாகப் போட்டு, கோட்டை முதலில் முடித்தேன். கோடு பத்து நாள் தள்ளிப்போனாலும் முடிவுத் தேதி மாறாது. அந்த இடைவெளிதான் ஃப்ளோட். டை வேலைக்கு ஃப்ளோட்டே கிடையாது, ஒரு நாள் தள்ளினால் மொத்தமும் ஒரு நாள் தள்ளும். அதுதான் கிரிட்டிகல் பாத். டூல் ரூமில் ஒரே ஒரு கிரைண்டிங் மெஷின் என்பது தெரிந்தும் அதை யோசிக்காததால் மூன்று வாரம் பிந்தினோம். கெடுவை நீட்டிக் கேட்க வேண்டியதாயிற்று.

இப்போது 26 நிமிடம். லீட் டைம் 4 நாள். போன வாரம் செட்டர் அண்ணனே வந்து, பிரஸ் மேஜையின் பின்பக்கம் இரண்டு பின் (முளை) வைத்தால் டையைத் தள்ளியதும் இடத்தில் உட்கார்ந்துவிடும், அளந்து பார்க்க வேண்டாம் என்று சாக்பீஸால் வரைந்து காட்டினார். முதல் டைக்கு அதைச் செய்யக் கொடுத்திருக்கிறோம்.