அம்மாவின் தொலைக்காட்சிப் பெட்டியில் இலவச வி.பி.என்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் நான் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை செய்கிறேன். இளம் வயதில் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டிய என் அம்மா, தோட்டத்து லயன் வீட்டை விட்டுவந்த பிறகு தாமான் என்னும் குடியிருப்புப் பகுதியில் என்னுடன்தான் இருக்கிறார். சென்ற ஆண்டு தமிழ்நாட்டு உறவினர் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தபோது, அங்கே தொலைக்காட்சியில் காலைதோறும் வந்த கந்தபுராணச் சொற்பொழிவைக் கேட்டுப் பழகிவிட்டார். கதை பாதியில் நிற்கும்போது விமானம் ஏறும் நாள் வந்துவிட்டது. “சூரசம்ஹாரம் வரைக்குமாவது கேட்டு முடிக்கணும்யா” என்று அவர் என்னிடம் சொன்னதிலிருந்துதான் இந்த வேலை தொடங்கியது.

அந்த நிகழ்ச்சியை வழங்கும் இந்தியச் சேவையின் செயலியை வீட்டு டிவி பாக்ஸில் இறக்கித் திறந்தால், இந்த நிகழ்ச்சி உங்கள் நாட்டில் கிடைக்காது என்ற அறிவிப்பு மட்டுமே வந்தது. நம் வீட்டு இணைய இணைப்புக்கு ஒரு ஐ.பி. முகவரி உண்டு, அது எந்த நாட்டு நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது என்பதைப் பார்த்துத்தான் இத்தகைய சேவைகள் கதவைத் திறக்கின்றன அல்லது மூடுகின்றன. வி.பி.என். என்பது நம் இணையப் போக்குவரத்தைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து, ஒரு குழாய்க்குள் அடைத்து வேறோர் இடத்திலுள்ள சர்வருக்கு அனுப்பி, அந்தச் சர்வரின் முகவரியோடு வெளியே விடும் ஏற்பாடு. ஆகவே இந்தியாவில் வெளியே வரும் குழாய் ஒன்று கிடைத்தால் போதும் என்று நானும் ஈப்போவில் படிக்கும் என் அக்கா மகனும் கணக்குப் போட்டோம்.

எங்கள் பெட்டி கடையில் வாங்கியது. மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரையும் கூகள் டிவியும் உள்ளது. அதன் ப்ளே ஸ்டோர், தொலைக்காட்சிக்கென்று அமைக்கப்பட்ட செயலிகளை மட்டுமே காட்டும். கைப்பேசியில் தேடினால் நூற்றுக்கணக்கில் வரும் இலவச வி.பி.என். செயலிகளில் மிகச் சிலவே தொலைக்காட்சியில் தென்பட்டன. அவற்றுள் இந்தியக் கொடியோடு இலவசமாகக் கிடைப்பது ஒன்றும் இல்லை. பையன் ஏதோ ஓர் அகப்பக்கத்திலிருந்து கைப்பேசிக்கான செயலிக் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றி வந்து, அறியாத மூலங்களை அனுமதிக்கும் அமைப்பைத் திறந்து, பெட்டிக்குள் போட்டான். தொடுதிரைக்காகச் செய்த செயலி என்பதால் ரிமோட்டின் அம்புக்குறிகள் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானைச் சென்று சேரவே இல்லை. அலுவலகத்திலிருந்து ஒரு மவுஸை எடுத்து வந்து செருகித்தான் அதை அழுத்தினோம். அந்தப் பொத்தானுக்கு மேலே இருந்த நீண்ட விதிமுறையை நாங்கள் இருவருமே படிக்கவில்லை. தோட்டத்தில் ஆள்கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி தவறினாலும் திரும்பப் படிப்பவன் நான். அன்று அதைப் படிக்காமல் விட்டது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

இந்தியக் கொடியை அழுத்தியதும் இணைப்புக் கிடைத்தது. இரண்டு விளம்பரங்கள் ஓடிய பிறகு சொற்பொழிவும் வந்தது. அம்மாவின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியைப் பார்த்து, வேலை முடிந்தது என்றே நினைத்தேன். அங்கே காலை ஆறு மணிக்கு ஒளிபரப்பாகும் நிகழ்ச்சி இங்கே எட்டரை மணிக்கு வரும் என்பதால், நான் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் அம்மாவே ரிமோட்டை அழுத்திப் பார்க்கக் கற்றுக்கொண்டார்.

ஐந்தாம் நாள் இரவு, வீட்டிலிருந்து மடிக்கணினியில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், நான் இயந்திரம் அல்ல, மனிதன்தான் என்று நிரூபிக்கச் சொல்லிப் படங்களைக் காட்டத் தொடங்கியது. பேருந்துள்ள கட்டங்களையும் சாலை விளக்குள்ள கட்டங்களையும் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துச் சலித்துப் போனேன். ஏழாம் நாள், வங்கியின் அகப்பக்கம் என் உள்நுழைவை ஏற்க மறுத்தது. இத்தனைக்கும் மடிக்கணினியில் வி.பி.என். எதுவும் இல்லை, தொலைக்காட்சிப் பெட்டியில் மட்டும்தான் இருந்தது. ஒன்பதாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, வீட்டில் எல்லாரும் உறங்க, மோடத்தின் விளக்கு மட்டும் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். உடனே மோடத்தின் உள்பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு கருவியின் பயன்பாட்டையும் பார்த்தேன். படம் பார்ப்பதற்கு மட்டும் பயன்படும் அந்தப் பெட்டி, ஒன்பது நாள்களில் 61 ஜி.பி. தரவை வெளியே அனுப்பியிருந்தது. படம் பார்க்கும் கருவிக்குத் தரவு உள்ளே வர வேண்டுமே தவிர, வெளியே போக வேண்டிய தேவை மிகச் சிறியது.

அப்போதுதான் அந்த விதிமுறையைக் கைப்பேசியில் திறந்து முழுமையாகப் படித்தேன். இலவசப் பயனர் தம் கருவியின் பயன்படுத்தாத இணைப்பை மற்றவர்களுக்குப் பகிர்ந்தளிக்க ஒப்புக்கொள்கிறார் என்று நடுவில் ஓரிடத்தில் எழுதியிருந்தது. அதாவது நாங்கள் இன்னொருவரின் முகவரியோடு வெளியே போய்க்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத யாரோ எங்கள் வீட்டு முகவரியோடு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். வங்கி எங்களைச் சந்தேகித்ததன் காரணம் அதுதான் என்று நான் நம்புகிறேன். அந்த முகவரி வழியாக ஏதேனும் குற்றம் நடந்திருந்தால், இணையச் சேவை ஆவணத்தில் இருப்பது என் பெயரும் என் அடையாள அட்டை எண்ணும்தான்.

இது புதிய தந்திரமும் அல்ல. ஹோலா என்ற பரவலாக அறியப்பட்ட இலவச வி.பி.என்., தன் இலவசப் பயனர்களின் இணைப்பை லுமினாட்டி என்ற பெயரில் பணம் கொடுப்பவர்களுக்கு விற்றுவந்தது 2015ஆம் ஆண்டிலேயே வெளிச்சத்துக்கு வந்தது. 2024 மே மாதத்தில் அமெரிக்க நீதித்துறை முடக்கிய 911 எஸ்5 என்ற வலையமைப்பு, மாஸ்க் வி.பி.என்., டியூ வி.பி.என். முதலிய இலவச மென்பொருள்கள் வழியாக விண்டோஸ் கணினிகளுக்குள் புகுந்து, 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐ.பி. முகவரிகளைக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தது. அதை நடத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் சிங்கப்பூரில் கைதானார். ஆண்ட்ராய்டு வி.பி.என். செயலிகள் 283ஐ எடுத்து ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. உள்ளிட்டவற்றின் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 38 விழுக்காட்டுச் செயலிகளில் தீநிரலின் (மால்வேர்) அடையாளம் இருந்தது; 18 விழுக்காடு போக்குவரத்தைக் குறியாக்கமே செய்யவில்லை. கைப்பேசியிலாவது மின்கலம் சீக்கிரம் தீர்வதும் சூடேறுவதும் நமக்குத் தெரிந்துவிடும். தொலைக்காட்சிக்குப் பின்னால் இருபத்து நான்கு மணி நேரமும் மின்சாரத்தோடு கிடக்கும் பெட்டியை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. இணைப்பைத் திருட நினைப்பவருக்கு அதைவிட வசதியான கருவி வேறு இல்லை.

செயலியை நீக்கினால் மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெட்டியை முழுவதும் துடைத்து, வாங்கிய நாளில் இருந்த நிலைக்குக் கொண்டுவந்தேன். அதற்கு முன்பே கைப்பேசியிலிருந்து கூகள் கணக்கின் கடவுச்சொல்லையும், பிறகு வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றினேன். அறியாத மூலங்களுக்கான அனுமதியை மூடினேன். பென்டிரைவில் இருந்த கோப்பையும் அழித்தேன். மறுநாள் காலை மோடத்தின் கணக்கில் பெட்டி வெளியே அனுப்பியது சில எம்.பி. மட்டுமே என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தொல்லை அடங்க மேலும் சில நாள்கள் ஆயின.

சூரசம்ஹாரம் மட்டும் இன்னும் வரவில்லை. ஆகவே, நம்பத் தகுந்த நிறுவனங்கள் தங்கள் கட்டணச் சேவைக்கு ஆள் சேர்ப்பதற்காகக் கொடுக்கும் இலவசத் திட்டங்களை ஆராய்ந்தேன். அவற்றின் வருமானம் சந்தாதாரர்களிடமிருந்து வருவதால் நம் இணைப்பை விற்க வேண்டிய தேவை இல்லை. அதற்குப் பதிலாக அளவைக் கட்டுப்படுத்துகிறார்கள். கனடாவின் விண்ட்ஸ்கிரைப், மின்னஞ்சலை உறுதிசெய்தால் மாதம் 10 ஜி.பி. கொடுக்கிறது, இல்லையென்றால் 2 ஜி.பி.தான். எச்.டி. தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் 3 ஜி.பி. வரை செலவாகும் என்று நெட்ஃபிளிக்ஸ் தன் பக்கத்தில் குறிப்பிடுகிறது. அந்தக் கணக்கில் 10 ஜி.பி. என்பது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். தினமும் அரை மணி நேரம் கேட்கும் அம்மாவுக்கு ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். சுவிட்சர்லாந்தின் புரோட்டான் நிறுவனத்தின் இலவசத் திட்டத்தில் அளவு வரம்பு இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் ஒரு கருவிதான் இணையலாம், எந்த நாட்டுச் சர்வர் என்பதையும் செயலியே முடிவு செய்யும்.

இரண்டிலும் இலவசப் பட்டியலில் இந்தியா இல்லை. பணம் கட்டினாலும் இந்தியா எளிதான இடம் அல்ல என்பதன் காரணத்தைத் தேடிப் படித்தபோது, எனக்குப் பல விஷயங்கள் தெளிவாயின. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணையில், வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐ.பி. முகவரி ஆகியவற்றை ஐந்து ஆண்டுகள் சேமித்து வைக்க வேண்டும் என்றது. பதிவே வைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துத் தொழில் செய்யும் நிறுவனங்கள் அதை ஏற்க முடியாமல் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து அகற்றின. எக்ஸ்பிரஸ் வி.பி.என். இந்திய முகவரிகளைச் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் உள்ள சர்வர்களிலிருந்து கொடுக்கத் தொடங்கியது. பெரிய நிறுவனங்களே இப்படிச் சுற்றி வளைத்துச் செய்ததை, பெயர் தெரியாத ஓர் இலவசச் செயலி கொடியோடு எங்களுக்கு எப்படிக் கொடுத்தது? இந்தியாவில் எங்களைப் போலவே விதிமுறையைப் படிக்காத ஏதோ ஒரு வீட்டின் இணைப்பாகத்தான் அது இருந்திருக்க வேண்டும். இதை நினைத்தபோது, ஏமாந்தோம் என்ற வருத்தத்தைவிட, நாமும் ஒருவருக்குத் தீங்கு செய்துவிட்டோமே என்ற வருத்தமே பெரிதாக இருந்தது.

வேறு சில வழிகளையும் பையன் முயன்றான். கைப்பேசியில் வி.பி.என்.ஐ இயக்கி, அதன் ஹாட்ஸ்பாட்டைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தால், வழக்கமான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அந்தப் பகிர்வு குழாய் வழியாகப் போவதில்லை. பெட்டி மலேசிய முகவரியோடுதான் வெளியே போனது. கைப்பேசியிலிருந்து காஸ்ட் செய்தாலும் படத்தை இறக்குவது பெட்டியின் இணைப்பே என்பதால் பயன் இல்லை. ப்ளே ஸ்டோரின் நாட்டை மாற்றலாம் என்றான். ஆண்டுக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும், நான் இங்கே பயன்படுத்தும் செயலிகளுக்கும் சிக்கல் வரலாம் என்பதால் தடுத்துவிட்டேன்.

சட்டம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். மலேசியாவில் வி.பி.என். பயன்படுத்துவது குற்றம் அல்ல. 2022 மார்ச் 18 முதல் நடப்பில் உள்ள திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், திருட்டு ஒளிபரப்புக்கான கருவிகளையும் சேவைகளையும் விற்பவர்கள், வழங்குபவர்கள் மீது பாய்கிறது. தண்டம் 10,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 200,000 வெள்ளி வரை, சிறை 20 ஆண்டுகள் வரை. எங்கள் செயல் அதில் அடங்காது என்றாலும், நாட்டு எல்லையை மறைத்துப் பார்ப்பது அந்த ஒளிபரப்புச் சேவையின் விதிமுறைக்கு முரணானது என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

கடைசியில் விடை கிடைத்த இடம் மிக அருகில் இருந்தது. அந்தச் சொற்பொழிவாளரின் பெயரைத் தமிழில் எழுதி யூடியூபில் தேடினேன். அவருடைய சொந்தப் பக்கத்திலேயே கந்தபுராணம் முழுவதும், அம்மா விட்ட இடத்துக்கு முன்பிருந்தே, வரிசையாக இருந்தது. எந்த நாட்டுக்கும் தடை இல்லை. முதல் நாளே இதைத் தேடியிருக்க வேண்டும். இப்போது அம்மாவுக்கு எட்டரை மணிக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. குளித்துத் திருநீறு பூசியதும் தமக்கு வேண்டிய நேரத்தில் கேட்கிறார். நம்பகமான அந்த இலவச வி.பி.என். ஒன்றை என் கைப்பேசியில் மட்டும் வைத்திருக்கிறேன். அம்மாவை ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் நாள்களில், அங்குள்ள பொது வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்க அது உதவுகிறது. தொலைக்காட்சியில் எதுவும் இல்லை.

இந்தக் கதை தாமானில் பரவிய பிறகு, அக்கம்பக்கத்தார் தங்கள் பெட்டிகளைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். முதலில் அடிப்பகுதியைத் திருப்பிச் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறேன். பிறகு செயலிப் பட்டியலில் பெயர் தெரியாத வி.பி.என். உள்ளதா, அறியாத மூலங்கள் திறந்திருக்கிறதா, மோடத்தில் அந்தக் கருவி எவ்வளவு வெளியே அனுப்புகிறது என்று பார்க்கிறேன். சில மலிவுப் பெட்டிகளில் செயலியே தேவையில்லை; பேட்பாக்ஸ் 2.0 என்ற தீநிரல், ஒரு கோடிக்கும் மேற்பட்ட சான்றில்லாத ஆண்ட்ராய்டு கருவிகளில் புகுந்திருப்பதாக 2025 ஜூலையில் கூகள் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அவற்றுள் பல, விற்பனைக்கு வரும்போதே அதைச் சுமந்து வந்தவை.

சென்ற வாரம் எதிர்வீட்டு அத்தை பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் 90 வெள்ளிக்கு வாங்கிய பெட்டியைக் கொண்டுவந்தார். முத்திரை இல்லை, நீக்கவே முடியாத வி.பி.என். ஒன்று உள்ளே இருந்தது. கம்பியைக் கழற்றிப் பெட்டியை என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். சம்பளம் போட்டதும் அவரை ஈப்போவுக்கு அழைத்துப் போய் முத்திரையுள்ள பெட்டி ஒன்றை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதுவரை மாலை நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவோடு கதை கேட்கிறார்.