தகிட தகிட தக: என் வலக்கை பான்ஜோ பழகிய கதை

பான்ஜோ என் கைக்கு வந்தது ரொறொன்ரோ மச்சானின் தயவில். 2021 மார்கழியில் கொழும்புக்கு வந்தவன், திரும்பும்போது பெட்டிகளின் நிறை கூடிவிட்டதென்று தன் ஐந்து தந்திப் பான்ஜோவை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். "உனக்குக் கிற்றார் தெரியும்தானே, சமாளிச்சிடுவாய்" என்றான். அந்தக் கிற்றார்தான் முதல் ஆறு மாதமும் என் காலை வாரிவிட்டது.

கிற்றாரில் மேலே இருக்கும் தந்தி தடித்தது, சுருதி குறைந்தது. பான்ஜோவில் மேலே இருக்கும் ஐந்தாவது தந்தி எல்லாவற்றிலும் மெல்லியவற்றில் ஒன்று. சுருதியும் அதற்குத்தான் அதிகம். அது மற்றவற்றைப் போல நுனியிலிருந்து வராமல், கழுத்தின் நடுவில் ஐந்தாவது கட்டுக்கு (ஃபிரெட்) பக்கத்தில் தனி முறுக்காணியில் தொடங்கும். கட்டைவிரல் ஒவ்வொரு முறையும் கனத்த ஒலியை எதிர்பார்த்துப் போய், கீச்சென்று ஒன்றைத் தட்டிவிட்டுத் திகைத்து நிற்கும். அக்கா வீணை படித்தவள், வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளும் எடுத்தவள். ஒரு தடவை பார்த்துவிட்டு, "இது எங்கட தாளத் தந்தி மாதிரியடா. பாட்டு வாசிக்க இல்லை, கூடவே ஒலிக்க" என்றாள். வீணையில் அந்த வேலை சுண்டுவிரலுக்கு, இங்கே கட்டைவிரலுக்கு. அவ்வளவுதான் வித்தியாசம் என்று எடுத்துக்கொண்ட பிறகு அந்தத் தந்தியோடு இருந்த பகை தீர்ந்தது.

ஜி சுருதியில் கூட்டிவிட்டால், இடக்கையால் ஒன்றையும் அழுத்தாமலே ஐந்து தந்திகளும் சேர்ந்து இணக்கமாக ஒலிக்கும். ஆக, தொடக்கத்தில் இடக்கைக்கு வேலை இல்லை. தெரியாமல் நான் இடக்கையைத்தான் இரண்டு வாரம் பழக்கினேன்.

வலக்கைக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நகத்தின் முதுகால் தந்தியைக் கீழ்நோக்கி அடிப்பது. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் கையில் பிறந்த வாத்தியம் இது. அந்த அடியும் அவர்கள் வழி வந்ததுதான். மற்றது, கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் மாறிமாறி ஓடும் முறை. 1924இல் வட கரோலினாவில் பிறந்த பான்ஜோக் கலைஞர் ஏர்ள் ஸ்க்ரக்ஸ், 1945இல் பில் மன்ரோவின் புளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற இசை வகை) குழுவில் சேர்ந்தபின் புகழ்பெற்றது அது. ஸ்க்ரக்ஸுக்கு முன்பும் அந்தப் பக்கத்தில் மூன்று விரலால் வாசித்தவர்கள் இருந்தார்கள். மச்சான் வாசித்தது இரண்டாவது. பெட்டிக்குள் கிடந்த, விரலில் மாட்டும் பிக்குகளும் அதற்கானவை. எனவே தெரிவு செய்யும் தொல்லை எனக்கு இருக்கவில்லை.

பிக் என்றால் கட்டைவிரலுக்கு ஒரு பிளாஸ்டிக் வளையம், மற்ற இரண்டு விரலுக்கும் உலோகத்தில் இரண்டு. உலோகப் பிக்கை நகத்தின் மேல் நகம்போல மாட்டிக்கொண்டேன். பார்த்தால் யாருக்கும் அப்படித்தானே தோன்றும்? அதன் அலகு நகப்பக்கம் அல்ல, விரலின் சதைப்பக்கம் வரவேண்டும். இதை மச்சான் வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு இறுக்கம். தளர்வாக இருந்தால் பறந்துவிடும், இறுக்கினால் விரல்நுனி நீலம் பாரிக்கும். பிளாஸ்டிக் வளையத்தைச் சுடுதண்ணியில் கொஞ்சநேரம் போட்டெடுத்து விரலுக்கேற்ப வளைக்கலாம் என்பதும் அவன் சொன்னதுதான். உலோகத்தை விரலாலேயே நெரித்துச் சரிசெய்தேன். அப்படியும் நடுவிரல் பிக் ஒருநாள் பறந்து பல்கனி வழியாகக் கீழே போய்விட்டது.

புதிதாக ஒன்று வாங்கக் காலி வீதியில் ஒரு கடைக்குப் போனேன். பான்ஜோ என்றதும் கடைக்காரர் பட்டன் அழுத்தி வாசிக்கும் புல்புல் தரங்கை எடுத்து வைத்தார். நம் ஊரில் அதையும் பலர் பான்ஜோ என்பார்கள், அவரில் பிழையில்லை. கையை ஆட்டி விளக்கியபின் கிற்றார் பிக்குகள் நிறைந்த டப்பாவை நீட்டினார். கனடாவிலிருந்து பார்சல் வரும்வரை நடுவிரல் வெறும் விரலாகவே இருந்தது. மூன்றில் ஒன்று மட்டும் பஞ்சுபோல ஒலிக்கும் அந்த ஒரு மாதத்தைக் கேட்க வீட்டாருக்கு நிறையப் பொறுமை வேண்டியிருந்தது.

கையை எப்படி வைப்பது என்பதில்தான் அதிகம் மல்லுக்கட்டினேன். மோதிரவிரலும் சுண்டுவிரலும், தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில், வாத்தியத்தின் முகப்புத் தோலின் மேல் ஊன்றியிருக்கவேண்டும். தோல் என்று சொன்னாலும் இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். நடுவிரல் அசைந்ததும் மோதிரவிரல் கூடவே எழும்பிவிடும். அதை அழுத்திப் பிடித்தேன், மணிக்கட்டு வலித்தது. கடைசியில் சுண்டுவிரலை மட்டும் ஊன்றி மோதிரவிரலை அதன் போக்கில் விட்டேன். ஒரு விரல் மட்டும் ஊன்றி நன்றாக வாசிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஊன்றுவது என்றால் தொட்டிருப்பது, நாற்காலிக் கால்போலப் பாரம் தாங்குவது அல்ல. மணிக்கட்டு சற்று வளைந்து எழும்பியிருக்க, விரல் அடிமூட்டிலிருந்து அசையவேண்டும், அதுவும் கொஞ்சமாக. நான் தந்தியைக் கொக்கிபோட்டு இழுத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ரோல். எட்டுச் சுரம் கொண்ட ஒரு சுற்று, ஒரே விரல் அடுத்தடுத்து இரண்டு முறை வராது. முன்னோக்கிய ரோலில் விரல்கள் கட்டை, சுட்டு, நடு, கட்டை, சுட்டு, நடு, கட்டை, நடு. தந்திகள் மூன்று, இரண்டு, ஒன்று, ஐந்து, இரண்டு, ஒன்று, ஐந்து, ஒன்று. இதை இலக்கங்களாக மனப்பாடம் செய்து தொலைபேசி இலக்கம்போல வாசித்தேன். ஏழாவது சுரத்தில் எப்போதும் இடறும். மூன்றுமூன்றாக ஓடும் விரல் அங்கே இன்னொரு மூன்றைத் தேடிப் போய்விடும்.

அடுத்த அறையிலிருந்து அக்கா கத்தினாள்: "டேய், அது தகிட தகிட தக!"

சின்ன வயதில் இரண்டு வருடம் மிருதங்க வகுப்புக்குப் போய் நின்றவன் நான். மூன்று, மூன்று, இரண்டு. எட்டு அட்சரம். ஒரு மாதமாகக் கண்முன் இருந்தது தெரியவில்லை. "வாயால சொல்லு முதல். வாய்க்கு வந்த பிறகு கை" என்றாள். அதே வகுப்பில் அதே வசனம் கேட்டிருக்கிறேன், அப்போது காதில் ஏறவில்லை. இரண்டு நாள் பான்ஜோவைத் தொடாமல் தொடையில் தாளம் போட்டுச் சொன்னேன், 138ஆம் இலக்க பஸ்ஸிலும் சொன்னேன். மூன்றாம் நாள் ஏழாவது சுரம் இடறவில்லை. கட்டைவிரல் ஒன்றுவிட்டு ஒன்று வரும் மற்ற ரோல் தகதிமி தகதிமி, அது அன்றைக்கே வந்துவிட்டது.

2022 பங்குனி, சித்திரை மாதங்களின் மின்வெட்டு யாருக்கும் மறக்காது. பங்குனி முடிவில் ஒருநாள் பதின்மூன்று மணிநேரம் வெட்டினார்கள். ஃபான் இல்லை, வேலை செய்ய வெளிச்சம் இல்லை. பல்கனிக் கதிரையில் இருட்டில் உட்கார்ந்து ரோல் அடிப்பேன். கை தெரியாது, தந்தி தெரியாது. முதல் நாள் பாதிச் சுரம் தவறியது. ஒரு வாரத்தில் கட்டைவிரல் தானாக ஐந்தாம் தந்தியைத் தேடிப் போனது. அதுவரை நான் கையை வாசிக்கவிடாமல் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கரண்ட்டை வெட்டியவர்களுக்கு இதற்காக நன்றி சொல்வதாக இல்லை.

சத்தம் ஒரு பிரச்சினைதான். இருட்டில் பான்ஜோ இரண்டு மாடிக்குக் கேட்கும். "தகரக் கூரையில மழை பெய்யுற மாதிரிக் கிடக்கு தம்பி" என்று மேல்மாடி அன்ரி மரியாதையாகச் சொன்னார். பின்பக்கம் தோலுக்கும் உள்ளே ஓடும் கம்பிக்கும் இடையில் ஒரு சின்னத் துவாயைத் திணித்தேன், ஒலி பாதியானது. துவாய் போட்டதும் இன்னொன்று வெளியே வந்தது: என் கட்டைவிரல் மற்ற இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தது. ஃபோனில் பதிந்து கேட்டால் "டங் கி கி டங் கி கி" என்றுதான் இருந்தது. கட்டைவிரலைக் குறைக்க முயன்றால் வேகம் குழம்பியது. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டுக்கு இறக்கி, தட்டுக்கு இரண்டு சுரம் வைத்து, எல்லாம் ஒரே அளவில் கேட்கும்வரை கூட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன். 50இலிருந்து 60க்கு வர மூன்று வாரம் பிடித்தது.

இப்போது 84இல் நிற்கிறேன். புளூகிராஸ் வாசிப்பவர்கள் 120க்கு மேல் சாதாரணமாகப் போவார்கள். 84க்கு மேல் நான் ஏற்றினால் நடுவிரல் பின்தங்குகிறது, மரைன் டிரைவ் பக்கம் ரயில் போனால் தாளமும் அதனோடு போய்விடுகிறது. போய்த் திரும்பும் ரோல் ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன்: முன்னால் ஓடி, நடுவில் கட்டைவிரலில் திரும்பி வருவது. அதற்கு அக்கா இன்னும் சொல் கட்டித் தரவில்லை. கடற்காற்றில் முதலாம் தந்தி துருப்பிடித்துச் சொரசொரக்கிறது. ஆவணியில் மச்சான் வருகிறான், இரண்டு செட் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பான்ஜோவைத் திருப்பிக் கேட்பானோ என்று மட்டும் ஒரு பயம்.